பழைய பேப்பர் தேங்காய்

எனக்குக் கோபம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். கடையில் மீதிக் காசைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் எறிந்தால் கோபம் வரும். வரிசையில் எவனாவது இடையில் புகுந்தால் கோபம் வரும். "கோபப்படாதீங்க" என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும்விட அதிகமாக வரும்.

இப்படிப்பட்ட நான் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கத்தில் என் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார்கள். நடுவில் நான் சோறு போட்டு, குளிப்பாட்டி, தூங்கவைத்து, சண்டை விலக்கி, மூக்கைத் துடைத்து அனுப்புவேன். பிள்ளைகள் என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவார்கள். என்னிடம் அவர்களுக்குப் பயம் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. அது போதும்.

ஆறாவதாக வந்தவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். நாலு வயது முடிந்திருந்தது. கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும். பார்த்தால் அவ்வளவு சாதுவாகத் தெரியும். அவள் அம்மா முதல் நாளே வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அப்புறம் ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க. ரெண்டு எடத்துல வேணாம்னு அனுப்பிட்டாங்க. கடிப்பா. தூக்கிப் போடுவா."

"என்னத்தத் தூக்கிப் போடுவா?"

"கையில எது கெடைக்குதோ அத."

"நானும் அப்படித்தான் லா," என்றேன். அவள் சிரித்தாள். தூக்கமில்லாத கண்கள்.

அவளுக்குப் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. புருஷன் சிங்கப்பூரில். லீவு கிடைத்தால்தான் வருவான். புருஷனின் அக்கா நிபோங் திபாலில் இருக்கிறாள். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் ஒரு ரோத்தான் பிரம்பு மாட்டிவைத்திருக்கிறாளாம். அதை வைத்தே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டாளாம். "எங்கிட்டக் குடு, ஒரே மாசத்துல நேராக்கிடறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை பாலம் தாண்டி நிபோங் திபாலுக்குத்தான் போகவேண்டும். லீவு நாளில் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

"நீங்கதான் அக்கா கடைசி."

"கடைசின்னு சொல்லி என் தலையில கட்டாதீங்க," என்று சொல்லிக்கொண்டேதான் பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

கோபம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளுக்கு வரும்போது தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன். முதலில் காது சிவக்கும். அப்புறம் கை எதையாவது தேடும். எது கிடைத்தாலும் சரி. தம்ளர், செருப்பு, டிவி ரிமோட். எதுவும் கிடைக்காவிட்டால் பல். பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். விளையாடிக்கொண்டிருப்பதை யாராவது கையிலிருந்து எடுத்தால் போதும். "சரி, எடுத்து வை, சாப்பிட வா" என்று நான் சொன்னாலும் போதும். வேலை பாதியில் நிற்பது அவளுக்குப் பிடிக்காது. எனக்கும்தான் பிடிக்காது. ஆனால் நான் யாரையும் கடிப்பதில்லை.

என்னிடம் இரட்டைப் பையன்கள் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களும் ஏறக்குறைய அதே வயது. அவர்களுடைய அம்மா ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். கிறிஸ்தவப் பெண், நல்ல மனசு, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் குணத்தைக் கேள்விப்பட்டதும் அவளே ஒரு பெட்டி வாங்கிவந்து கொடுத்தாள். கோபக்காரப் பிள்ளைகளைச் சாந்தப்படுத்தும் சாமான்களாம். ஒரு முயல். வயிற்றை அமுக்கினால் வெளிச்சம் வரும். மூச்சை இழு, மூச்சை விடு என்று இங்கிலீஷில் சொல்லும். கூடவே ஒரு கட்டு அட்டை. சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம். பிள்ளைக்குக் கோபம் வரும்போது அட்டையைக் காட்டி, உன் முகம் இதில் எது என்று கேட்க வேண்டுமாம்.

கேட்டேன். காது சிவந்து நிற்கிற பிள்ளையிடம் போய் அட்டையை நீட்டிக் கேட்டேன். அவள் சிரிக்கிற முகத்தைப் பிடுங்கி, கடித்து, மென்று துப்பினாள். முயலை அதன்பிறகு கொடுத்தேன். அது சொன்னதை இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டுவிட்டு ஹாலிலிருந்து சமையல்கட்டுக்கு எறிந்தாள். முயல் அடுப்புக் கேஸ் தோம்புக்குப் பின்னால் போய் விழுந்தது. விழுந்தும் விடவில்லை. பேட்டரி தீரும்வரை அங்கேயே கிடந்து மூச்சை இழு, மூச்சை விடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுக்க நான்தான் தரையில் படுத்து மூச்சு வாங்கினேன்.

அந்த வாரமே இரட்டையரில் சின்னவன் அவள் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினான். அவள் அவன் தோளைக் கடித்தாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. சாயங்காலம் அவன் அம்மா அதைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சுலபமாக முடிந்திருக்கும்.

"அக்கா, நான் கெட்டவ இல்ல. சின்னப் பிள்ளன்னு எனக்கும் தெரியும். ஆனா என் பையன் ராத்திரி எப்படிப் படுப்பான்?"

"புரியுது."

"தைப்பூச லீவு வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறமும் இப்படின்னா, ஒன்னு அவ இருக்கட்டும், இல்ல என் பசங்க இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. நியாயமாக யாராவது பேசினால் எனக்குக் கோபம்கூட வராது. ஆறில் இரண்டு போனால் என் வீட்டு அடுப்பும் யோசிக்க வேண்டியிருக்கும். நான் சரி என்றேன். பிள்ளையின் அம்மா வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் குனிந்தாள். பிள்ளையின் முடியில் நழுவியிருந்த கிளிப்பைச் சரிசெய்தாள். மறுநாள் காலையில், "அண்ணிகிட்ட சொல்லிட்டேன் அக்கா. அலமாரியில இவ துணிக்கு ஒரு தட்டு ஒதுக்கி வச்சிருக்காங்களாம்," என்றாள். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

இனி குப்பைக் கதை.

என் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறார். கடையில் தூக்கிப்போடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அட்டைப்பெட்டி, வெட்டிமீந்த பைப்புத் துண்டுகள், காலியான பெயிண்ட் வாளிகள், கயிறு, பழைய பேப்பர்க் கட்டுகள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கார் நிறுத்தும் போர்ச்சில் அடுக்குவார். சூராட் காபார் லாமா என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரிக்குப் போடுவதற்காம். அந்த மாதம் லாரி வரவில்லை. ஆனால் இவர் கொண்டுவருவது நிற்கவில்லை. ஒரு நாள் மின்கம்பி சுற்றி வரும் மர உருளை ஒன்றையும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் வட்டப் பலகை, நடுவில் ஓட்டை. பிள்ளைகள் இடுப்பளவு உயரம் இருக்கும்.

"இது எதுக்கு?"

"நல்ல மரம் மா."

"நான் கேட்டது, எதுக்கு?"

"எதுக்காவது ஆகும்."

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சோற்றைக் கொஞ்சம் சத்தமாகவே தட்டில் வைத்தேன்.

தை மாதத்தில் இங்கே அவ்வளவாக மழை இருக்காது. ஆனால் மறுநாள் மத்தியானம் பெய்தது. காற்றோடு பெய்து போர்ச்சுக்குள் சாரல் அடித்து, பேப்பர்க் கட்டுகள் எல்லாம் ஊறிப்போயின. லாரிக்காரன் வந்தாலும் இனி எடுக்கமாட்டான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டே வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடையில் இருந்தார். அதனால் என்ன, எனக்குத் திட்டுவதற்கு ஆள் எதிரில் இருக்கவேண்டும் என்பதில்லை. அப்போது வெளியே சொத் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி சொத்.

எட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஊறிய பேப்பரைப் பிய்த்து, இரண்டு கையாலும் அமுக்கி, உருண்டையாகப் பிடித்து, தலைக்குமேல் தூக்கி சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். உருண்டை தட்டையாகி நாலாபக்கமும் தெறித்தது. காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. ஏதோ சண்டை நடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. போர்ச் முழுக்கப் பேப்பர்க் கூழ். எனக்குத் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. திட்ட வாயைத் திறந்தேன்.

"பெரிம்மா, அவ தேங்கா ஒடைக்கிறா," என்றான் இரட்டையரில் பெரியவன்.

பினாங்கில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு ரதம் வருகிற பாதையில் தேங்காயை மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். நம் ஆட்கள், சீனர்கள் எல்லோரும் குவிப்பார்கள். ரதம் வந்துவிட்டால் இரண்டு கையாலும் எடுத்து எடுத்து அடிப்பார்கள். தெரு வெள்ளையாகிவிடும். பின்னாலேயே மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து அள்ளிப்போவார்கள். கைப்பிள்ளையைக்கூடத் தோளில் வைத்துக் காட்டுகிற காட்சி அது.

"ரதம் வராம ஒடைக்கக் கூடாது," என்றான் கடிபட்ட சின்னவன், தூணுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு.

அவள் கையில் அடுத்த உருண்டை இருந்தது. அதை அவன்மேல் எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் யோசித்தாள்.

"அப்ப ரதத்தக் கொண்டா," என்றாள்.

இரண்டு பையன்களும் ஓடினார்கள். அந்த மர உருளையின் ஓட்டையில் கயிற்றைக் கோத்து இழுத்தார்கள். அது லேசில் வருகிற சாமானா? ஒருவன் இழுக்க, மற்றவன் தள்ள, அது பெயிண்ட் வாளியில் முட்டி, திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"சாமி எங்கடா உக்காருவாரு? உருளுதே," என்று கேட்டேன். என்னையும் மீறித்தான் கேட்டேன்.

"சாமி உள்ள இருக்காரு பெரிம்மா."

இதெல்லாம் நடக்கிறவரை அவள் அந்த உருண்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். பேப்பர்த் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது. ஆனாலும் எறியவில்லை. அந்தப் பிள்ளை எதற்காவது காத்திருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சோற்றுக்குக் காத்திருந்ததில்லை, அம்மாவுக்குக் காத்திருந்ததில்லை. உருளை ஆடி அசைந்து அவள் முன்னால் வந்து நின்றது. அவள் அடித்தாள் பாருங்கள். குவித்து வைத்திருந்தது முழுவதையும் அடித்து முடித்தாள். முடிந்ததும் மூச்சு வாங்கியது. காதைப் பார்த்தேன். பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

மூன்று வயதுப் பொடியன் ஒருவன் என்னிடம் வருகிறான். அவன் உள்ளே போய்க் குப்பைமுறத்தை எடுத்துவந்து, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு கூழை அள்ளினான். அவள் இரண்டு கையையும் விரித்து மற்றவர்களை ஓரமாக நிறுத்தினாள். "தள்ளி நில்லுங்க, மெஷின் வருது." நான் திட்டுவதற்கு என்று திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் மைலோ கலக்கினேன். அந்தக் கூழை மறுபடி வாளியில் போட்டு ஊறவைத்தார்கள். அடுத்த நாள் தேங்காய்க்கு.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், "அந்தச் சாமானெல்லாம் அப்படியே கெடக்கட்டும்," என்றேன்.

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தப் போர்ச்சில் நான் பார்த்ததை எல்லாம் எழுதினால் புத்தகம் பெரிதாகிவிடும். பைப்புத் துண்டு ஒரு நாள் மைக், ஒரு நாள் ஊசி, ஒரு நாள் பெட்ரோல் பம்பு. மர உருளை திங்கட்கிழமை ரதம், செவ்வாய்க்கிழமை குப்பை லாரி, புதன்கிழமை இரட்டையர் வீட்டு வழக்கப்படி மாதா தேர். காலையில் அம்மா போனதும் அழுகிற அந்தப் பொடியன் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து மூடியை மூடிக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட்டுவான். நாங்கள் யாரு என்று கேட்க வேண்டும். "பார்சல்" என்பான். திறந்தால் அழுகை நின்றிருக்கும். அவன் அழுகையை நிறுத்த நான் எத்தனை பிஸ்கட் செலவழித்திருக்கிறேன் தெரியுமா?

அந்தப் பிள்ளை தினமும் தேங்காய் உடைக்கவில்லை. சில நாள் பைப்புக்குள் போத்தல் மூடியைப் போட்டு, மறுபக்கம் கையை வைத்துப் பிடிப்பாள். போடுவாள், பிடிப்பாள், போடுவாள், பிடிப்பாள். பார்க்கிற எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பெரும்பாலும் மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால், அவளுக்குச் சிடுசிடுப்பு ஏறுகிற நேரத்தில்தான் அதைச் செய்வாள்.

கடைச் சாமான்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்த முயலுக்குத் தெரிந்தது ஒரே வேலை. அது சொல்கிறபடி செய்யாவிட்டால் பிள்ளைதான் தப்பு. அட்டைப்பெட்டி யாரையும் பார்த்து நீ செய்வது தப்பு என்று சொல்லாது. கோபமாக இருக்கிறவளிடம் கோபப்படாதே என்றும் சொல்லாது. மிதித்தால் மிதி வாங்கிக்கொள்ளும். அப்புறம் வேறு ஏதாவதாகிக்கொள்ளும். பெரிய ஆட்களுக்கும் இப்படி ஒன்று விற்றால் நான் வாங்குவேன்.

அவள் அதோடு மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஊறிக்கொண்டிருந்த பேப்பர் வாளி நாறுகிறது என்று ஒரு நாள் நான் அவளிடம் சொல்லாமல் கொட்டிவிட்டேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போர்ச்சுக்குப் போய் ஒரு பெட்டியை மிதித்தேன். அவள் வந்து நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். மணிக்கட்டில் இப்போது தழும்பு இல்லை. கவலைப்பட வேண்டாம்.

நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். அவருக்குப் பக்தி ஜாஸ்தி. சாமி உருளைக்குள் இருக்கிறார் என்று பிள்ளைகள் சொன்னது அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "உக்கார எடமில்லாம எப்படி மா?" என்று இரண்டு நாள் புலம்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பலகை வெட்டி, நாலு சக்கரம் வைத்து, தங்கக் கலர் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் மயில் வரைந்து, ஒரு நிஜமான ரதத்தைச் செய்துவிட்டார். இழுத்தால் மணி அடிக்கும். அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய காலண்டரிலிருந்து முருகன் படத்தை வெட்டி நடுவில் ஒட்டினார். ஒட்டியதும், சும்மா இருக்குமா கை, சூடம் காட்டிவிட்டார்.

அதோடு முடிந்தது. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் அதைத் தொடப் போனார்கள்.

"செருப்பக் கழட்டு," என்றார்.

கழற்றினார்கள். பெரியவன் அதன்மேல் காலைத் தூக்கி வைத்தான்.

"டேய், சாமிடா. காலு படக் கூடாது."

சின்னவன் தாண்டிக் குதித்தான்.

"தாண்டாத, தாண்டாத."

அந்தப் பிள்ளை பேப்பர் உருண்டையோடு வந்தாள். "பெரிப்பா, ஒடைக்கட்டா?"

"அழுக்குத் தண்ணி தெறிக்கும் பாப்பா. சாமி மேல படும்."

கொஞ்ச நேரம் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். யார் இழுப்பது என்று சண்டை வந்தது. ரதம் ரதமாக மட்டும்தான் இருக்க முடியும், அதனால் எல்லோருக்கும் அதே கயிறுதான் வேண்டும். அவள் காது சிவந்தது. நான் பார்க்கும்போதே ஒரு மயிலின் கழுத்து அவள் கையோடு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளையாட்டுச் சாமானாகச் செய்ததை மூன்று மணி நேரத்தில் கோயிலாக்கிவிட்டு, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று வருத்தப்படுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது அதைத் தூக்கியும் போட முடியாது. சாமி. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து வெள்ளிக்கிழமை பூப் போடுகிறேன்.

சாயங்காலம் வந்த இரட்டையரின் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உருளைய உருட்டி வெளையாடினாங்கன்னா எனக்கு ஒன்னும் இல்ல. சூடமெல்லாம் காட்டறீங்கன்னா, வீட்டுல அவங்கப்பா கேப்பாரு."

"அது பிள்ளைங்களுக்கு இல்ல. அதோ நிக்கிறாரே, அவருக்கு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "லீவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு அக்கா," என்று மட்டும் சொன்னாள். அது எனக்கும் ஞாபகம் இருந்தது.

லீவுக்கு முதல் நாள் வந்தது. பிள்ளையின் பை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. திறந்து பார்த்தேன். பாவாடை, பல்துலக்கும் பிரஷ், தூங்கும்போது கட்டிக்கொள்கிற துணி என்று எல்லாம் இருந்தன. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராக நிபோங் திபாலுக்குப் பஸ் ஏறுவதாக இருந்தாள் அவள் அம்மா. தைப்பூசத்தை அங்கே கழித்துவிட்டுப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று பேச்சு. அந்தப் பையை ஹாலில் வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் பிள்ளை போர்ச்சில் ஒரு ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் பெட்டி. பைப்புதான் மெஷின். போத்தல் மூடி உள்ளே போய் வெளியே வரும், வந்ததை அவள் பார்த்து, "இது ஓகே, இது ரிஜெக்ட்" என்று பிரிப்பாள். அம்மா வேலை. நான் சமையல்கட்டில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவன் வந்து அடியில் இருந்த பெட்டியை உருவினான். ஃபேக்டரி மொத்தமும் சரிந்தது.

அதே நேரம் வெளிக்கதவைத் திறந்துகொண்டு அவன் அம்மா உள்ளே வந்தாள். புதுக் காரை வாசலில் நிறுத்தியிருந்தாள்.

பிள்ளையின் காது சிவந்ததை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். கை இரண்டும் மாவு. ஓடினேன். அவள் சின்னவனின் சட்டையைப் பிடித்துவிட்டாள். வாய் திறந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தோளைத் தூக்கினான். அவன் அம்மா கைப்பையைக் கீழே போட்டாள்.

பிள்ளை சட்டையை விட்டாள். திரும்பி வாளிக்கு ஓடி உருண்டையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினாள். அழுகையும் கத்தலும் கலந்து அவள் குரல் கிழிந்தது.

"ரதம் எங்கடா?"

சின்னவன் கண்ணைத் திறந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கடிபட்டவன், இப்போதும் கடிபட இருந்தவன், அவனே ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். உருளை ஒரு பைப்புத் துண்டில் ஏறி நின்றுகொண்டது.

"சீக்கிரம் வாடா."

"வருது லா. டயரு மாட்டிக்கிச்சு."

"சீக்கிரம்."

"நீயே பாரு, மாட்டிக்கிச்சுன்றேன்ல."

கண்ணீர் கன்னத்தில் வழிய, கையைத் தூக்கியபடியே நின்றாள். நாங்கள் இரண்டு பெரிய பொம்பிளைகளும் அந்த உருளையையே பார்த்துக்கொண்டு நின்றோம். போய்த் தூக்கிவிடலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. பெரியவன் வந்து பின்னால் தள்ளினான். உருளை இறங்கி உருண்டு வந்தது. முதல் உருண்டை தரையில். இரண்டாவது தரையில். மூன்றாவது கை வழுக்கி, வெளிக்கதவைத் தாண்டிப்போய், புதுக் காரின் முன்கண்ணாடியில் சப்பென்று ஒட்டியது.

"என் காடி," என்றாள் இரட்டையரின் அம்மா.

பிள்ளை அந்தக் காரை நன்றாகப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "அது ரதம் போற வழியில நிக்கிது."

இரட்டையரின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பொடியன் குப்பைமுறத்தோடு எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு காரை நோக்கிப் போனான். நான் ஈரத்துணியை எடுத்துப் போனேன். கண்ணாடியைத் துடைக்கிறபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடிக்கல," என்றாள்.

"நானும் பாத்தேன்."

"இனிமே கடிக்க மாட்டான்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். போன வாரம் என்னையே கடிச்சா." மணிக்கட்டைக் காட்டினேன். "உங்க பசங்க இனிமே எதையும் பிடுங்க மாட்டாங்கன்னு நீங்க சொல்வீங்களா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். சின்னவன் சரிந்த பெட்டிகளை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து அடுக்கிக்கொண்டிருந்தான். அது அங்கே இல்லை, இங்கே என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"லீவு முடிஞ்சு கொண்டாந்து விடறேன் அக்கா. ரெண்டு பேரையும்," என்றாள். "ஆனா ஒன்னு. வீட்டுல பாத்ரூம் வாளியில பேப்பர் ஊறவைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

"அதுக்கு என் வீட்டுக்காரர்தான் பொறுப்பு," என்றேன்.

அவர்கள் போன பிறகு பிள்ளையின் அம்மா ஃபேக்டரிச் சட்டையோடு வந்தாள். பையைக் கேட்டாள். நான் பையைக் கொடுக்காமல் நடந்ததைச் சொன்னேன். காரில் ஒட்டியதையும் மறைக்கவில்லை. அவள் நம்பாமல் மகளைப் பார்த்தாள். மகள் பைப்பில் மூடி போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இது ரிஜெக்ட்," என்று ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. நிபோங் திபால். பிள்ளையின் அம்மா அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள். அந்த அம்மாவின் குரல் போர்ச் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, பஸ் ஏறிட்டீங்களா? சாப்பாடு ஆக்கி வச்சிருக்கேன்."

"அண்ணி, நாங்க நாளைக்கு வரோம். பாத்துட்டு ராத்திரியே திரும்பிடுவோம்."

"பிள்ள?"

"பிள்ளையும் எங்கூடத்தான் திரும்பும்."

"அந்த வீட்டுல குப்பைய வச்சில்ல வெளையாட விடறாங்களாம். நீதானே சொன்ன."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். உதவியாக இருக்கட்டும் என்றுதான் முறைத்தேன்.

"ஆமா அண்ணி. குப்பதான்."

"யாரக் கேட்டு முடிவு பண்ண? தம்பிகிட்ட பேசினியா?"

"பேசறேன். ஆனா முடிவு பண்ணியாச்சு. அலமாரியில உங்க துணிய வச்சுக்கோங்க அண்ணி."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நாளைக்குச் சாப்பிட வருவீங்கல்ல? பிள்ளைக்கு மீன் பொரிச்சு வைக்கவா?" என்றது குரல். முன்பைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. தைப்பூச நேரத்தில் மீனா என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போனை வைத்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றி விரல்களை நீட்டிக்கொண்டாள். நான் அறையிலிருந்து அந்தப் பெரிய பையை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"லீவுக்கு அடுத்த நாள் எனக்குக் காலை ஷிஃப்ட் அக்கா. ஆறு மணிக்குக் கொண்டாந்து விடவா?"

"ஆறரை," என்றேன். "எனக்கும் தூக்கம் வேணும்."